அத்தியாயம் 6: ‘வோவன்’ ஒன்று, வேலை மூன்று

ஆரணிப் பட்டை வாட்ஸ்அப்பிலோ இணையக் கடையிலோ விற்கத் தொடங்கியிருந்தால், இந்த மூன்று வாக்கியங்களும் உங்களுக்கு அடிக்கடி தேவைப்படும்.

‘திஸ் இஸ் ஏ ஹேண்ட்வோவன் சாரி.’ – இது கையால் நெய்த சேலை.

‘தி சாரி வாஸ் வோவன் பை மை ஃபாதர்.’ – இந்தச் சேலையை நெய்தவர் என் அப்பா.

‘மை ஃபாதர் ஹாஸ் வோவன் தி சாரி.’ – அப்பா சேலையை நெய்து முடித்துவிட்டார்.

மூன்றிலும் ‘வோவன்’ இருக்கிறது. முதலாவதில் அது சேலையின் தன்மையைச் சொல்லும் பெயரடை. இரண்டாவதில் நடந்த வேலையைச் சொல்லும் செயப்பாட்டுவினை, அதாவது பாஸிவ். மூன்றாவதில் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லும் பர்ஃபெக்ட். பள்ளியில் ‘வி-த்ரீ’ என்று மனப்பாடம் செய்த வடிவம்தான் மூன்று வேலையையும் பார்க்கிறது. சொல்லை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எந்த வேலை என்று தெரியாது. அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் என்ன இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இலக்கணத் தேர்வில் இது ஒரு மதிப்பெண். விற்பனையில் அப்படி இல்லை. கூரியர்காரரிடம் நஷ்டஈடு கேட்கும்போதும், வெளிநாட்டு வாடிக்கையாளர் ‘என் சேலை எந்த நிலையில் இருக்கிறது?’ என்று கேட்கும்போதும் ஒரு ‘இஸ்’, ஒரு ‘ஹாஸ்’ இடம் மாறினால் பணம் சிக்கிக்கொள்ளும்.

தொடங்கும் முன்: மூன்றாம் வடிவங்களைச் சரிபாருங்கள்

நம் தொழிலுக்கு வேண்டிய வினைகள் அதிகமில்லை. ஒரு தாளில் எழுதித் தறிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வீவ்–வோவ்–வோவன், டை–டைட்–டைட், வைண்ட்–வவுண்ட்–வவுண்ட், டேர்–டோர்–டோர்ன், ஷ்ரிங்க்–ஷ்ராங்க்–ஷ்ரங்க், செல்–சோல்டு–சோல்டு, செண்ட்–செண்ட்டு–செண்ட்டு, பே–பெய்டு–பெய்டு.

இவற்றில் மூன்று இடங்களில் கால் இடறும்.

1. ‘வீவ்டு’ என்ற சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. பைக்கில் நெரிசலுக்குள் வளைந்து வளைந்து போனதற்கு அதைச் சொல்வார்கள். துணிக்கு ‘வோவன்’தான்.

2. சாயத்துக்கான ‘டை’யின் எழுத்துகள் டி, ஒய், இ. கடந்த காலம் டி-ஒய்-இ-டி. ‘இங்’ சேர்த்தால் டி-ஒய்-இ-ஐ-என்-ஜி. நடுவில் உள்ள ‘இ’யை விட்டுவிட்டால் சாயம் ஏறுகிற நூல் செத்துக்கொண்டிருக்கிற நூலாகிவிடும். ‘ஒய்’க்குப் பதில் ‘ஐ’ போட்டால் நூல் செத்தே போய்விட்டது. இரண்டும் ஆங்கிலத்தில் சரியான சொற்களே என்பதால் கைபேசியின் எழுத்துப்பிழை திருத்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

3. தாரில் சுற்றிய நூல் ‘வவுண்ட் யார்ன்’. ‘வூண்டட்’ என்று எழுதினால் காயம்பட்ட நூல்.

தமிழ் எங்கே காலை வாரும்?

வழக்கமான பயிற்சிப் புத்தகங்கள் இந்தப் பகுதியைத் தொடுவதில்லை. என் கணக்கில் பாதித் தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன.

தமிழில் ‘நெய்த’ என்ற பெயரெச்சம் தாராளமானது. நெய்த சேலை, நெய்த அப்பா, நெய்த தறி, நெய்த கூலி, நெய்த நாள் – எல்லாம் சரி. செய்தவர், செய்த பொருள், செய்த கருவி, செய்த காலம் என்று எதற்கு முன்னால் வேண்டுமானாலும் வந்து நிற்கும். ஆங்கிலத்தின் மூன்றாம் வடிவத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது. பெயருக்கு முன்னால் அது வந்தால், அந்தப் பெயர் பெரும்பாலும் செயலுக்கு ஆட்பட்ட பொருளாக இருக்க வேண்டும். ‘வோவன் சாரி’ சரி. ‘வோவன் ஃபாதர்’ என்றால் அப்பாவையே தறியில் போட்டு நெய்தது போல ஆகும். ‘நெய்த அப்பா’வுக்கு ‘தி மேன் ஹூ வோவ் இட்’ என்று பிரித்துத்தான் எழுத வேண்டும்.

வந்த, போன, நின்ற போன்ற, செயப்படுபொருள் ஏற்காத வினைகளில் இன்னும் கவனம் தேவை. ‘வந்த பார்சல்’ என்பதை ‘தி கம் பார்சல்’ என்றோ ‘தி அரைவ்டு பார்சல்’ என்றோ எழுதக் கூடாது. ‘தி பார்சல் தட் கேம் டுடே’ என்று எழுதுங்கள். சில சொற்களுக்கு மட்டும் விலக்கு உண்டு: நிறம் மங்கிய பார்டர் ‘ஃபேடட் பார்டர்’, ஓய்வுபெற்ற ஆசிரியர் ‘ரிடயர்டு டீச்சர்’, உதிர்ந்த இலை ‘ஃபாலன் லீஃப்’. இவற்றுக்கு விதி தேடாதீர்கள், பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சொல் நிற்கும் இடம். ‘ஆரணியில் நெய்த சேலைகள்’ என்று நாம் எல்லாவற்றையும் பெயருக்கு முன்னால் அடுக்குவோம். ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக இருந்தால் முன்னால் வரும், வால் முளைத்தால் பின்னால் போகும். ‘வோவன் சாரீஸ்’, ஆனால் ‘சாரீஸ் வோவன் இன் ஆரணி’. பின்னால் போனதும் அது செயப்பாட்டுவினையின் சாயலைப் பெறுகிறது. ‘விச் வேர்’ என்ற இரண்டு சொற்கள் அங்கே மறைந்திருக்கின்றன. போட்டுப் பார்த்தால் வாக்கியம் உடையாது.

பிரித்தறியும் வரிசை

வரிசையை மாற்றாதீர்கள். எளிதில் முடிவாகிறவற்றை முதலில் கழித்துவிட்டால், குழப்பமானவை சிலதான் மிஞ்சும்.

படி 1. மூன்றாம் வடிவத்தின் மேல் விரலை வையுங்கள். அதற்கு முன்னால் ‘ஹாவ்’, ‘ஹாஸ்’, ‘ஹேட்’ இருக்கிறதா? இருந்தால் பர்ஃபெக்ட். நடுவில் ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘நாட்’ நுழைந்திருந்தாலும் மாற்றமில்லை. ‘ஹாஸ் பீன் டைட்’ என்று ‘பீன்’ நடுவில் வந்தால் பர்ஃபெக்ட்டும் பாஸிவும் சேர்ந்தது: சாயம் போட்டாகிவிட்டது, போட்டது யார் என்று சொல்லவில்லை.

படி 2. நேர் முன்னால் ‘இஸ்’ வகையும் இல்லை, ‘ஹாஸ்’ வகையும் இல்லை, பின்னால் ஒட்டியே ஒரு பெயர் வருகிறதா? பெயரடை. ‘டோர்ன் பாக்ஸ்’, ‘ஃபோல்டட் சாரி’, ‘அன்பெய்டு பில்’. யோசிக்க வேண்டியதில்லை.

படி 3. ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’, ‘வேர்’ முன்னால் இருந்தால் சற்று நில்லுங்கள். இங்கேதான் பெயரடையும் பாஸிவும் ஒரே உடையில் வரும். யார் செய்தார், எப்போது செய்தார் என்ற கேள்விக்கு வாக்கியத்திலேயே பதில் இருக்கிறதா பாருங்கள். ‘பை மை ஃபாதர்’, ‘ஆன் மண்டே’, ‘அட் டென் ஓ கிளாக்’ என்று ஏதாவது இருந்தால் பாஸிவ் என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 4. பதில் இல்லையென்றால், ‘இஸ்’ இருக்கும் இடத்தில் ‘லுக்ஸ்’ அல்லது ‘சீம்ஸ்’ போட்டுப் பாருங்கள். ‘தி பார்டர் இஸ் ஃபேடட்’ என்பது ‘தி பார்டர் லுக்ஸ் ஃபேடட்’ ஆகும். பார்டர் மங்கலாகத் தெரிகிறது. வாக்கியம் நிற்கிறது, ஆகவே பெயரடை. ‘தி பார்சல் வாஸ் செண்ட்டு’ என்பதை ‘தி பார்சல் லுக்ஸ் செண்ட்டு’ என்று மாற்றினால் நிற்காது. அது பாஸிவ்.

படி 5. ‘வெரி’ சேருமா? ‘வெரி டயர்டு’, ‘வெரி ஒரீட்’ சேரும், பெயரடை. ஆனால் சேரவில்லை என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ‘வெரி வோவன்’, ‘வெரி சோல்டு’ என்று யாரும் சொல்வதில்லை. என்றாலும் ‘ஹேண்ட்வோவன் சாரி’யில் வருவது பெயரடையே. இந்தச் சோதனையில் தேறினால் உறுதி, தேறாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

படி 6. ‘அன்’ ஒட்டியிருக்கிறதா? ‘தி சாரி இஸ் அன்சோல்டு’. ‘விற்காமல் விடு’ என்ற பொருளில் ‘அன்செல்’ என்றொரு வினை ஆங்கிலத்தில் இல்லை. வினை இல்லாத இடத்தில் பாஸிவ் எப்படி வரும்? பெயரடை. ‘அன்பேக்ட்’, ‘அன்டைட்’ போன்றவற்றில் எச்சரிக்கை. ‘அன்பேக்’ என்பது பார்சலைப் பிரிப்பது. அதற்கு வினை உண்டு. ‘அன்டைட்’ காதுக்கு ஒன்றாகவே கேட்டாலும் எழுத்தில் இரண்டு: ‘ஒய்’ இருந்தால் சாயம் போடாதது, ‘ஐ’ இருந்தால் முடிச்சை அவிழ்த்தது.

குறிப்பு: பின்னால் வரும் சிறு சொல்லும் துப்புக் கொடுக்கும். ‘பை’ வந்தால் பாஸிவ் பக்கம் சாயும். ‘இன்’, ‘அபவுட்’, ‘வித்’, ‘ஃபார்’ வந்தால் பெரும்பாலும் பெயரடை. ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘ஒரீட் அபவுட்’, ‘ப்ளீஸ்டு வித்’, ‘ஆரணி இஸ் நோன் ஃபார் சில்க்’. ‘சர்ப்ரைஸ்டு பை’ போல இரண்டு பக்கமும் ஆடுகிறவையும் உண்டு.

வாடிக்கையாளருக்கு நிலவரம் சொல்லும்போது

பாவு தெருவில் நீட்டிக் கஞ்சி போடும் நிலையில் இருக்கிறது. வாடிக்கையாளர் சிங்கப்பூரிலிருந்து கேட்கிறார். நீங்கள் ‘யுவர் சாரி இஸ் வோவன்’ என்று பதில் போடுகிறீர்கள். அவருக்கு என்ன புரியும்? ‘இஸ்’ சேர்ந்த எளிய பாஸிவ் வழக்கமாக நடப்பதைச் சொல்வது. ‘கோர்வைச் சேலைகள் கைத்தறியில் நெய்யப்படுகின்றன’ என்பது போன்ற பொது உண்மைக்கு அது பொருந்தும். அவரோ நெய்து முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, நாளைக்கே அனுப்பச் சொல்வார்.

கட்டத்துக்கு ஏற்ப இப்படி எழுதுங்கள்:

1. வேலை நடக்கிறது: ‘இஸ் பீயிங் டைட்’, ‘இஸ் பீயிங் வோவன்’. ‘பீயிங்’கை ஒட்டி மூன்றாம் வடிவம் வந்தால் ஏறக்குறைய எப்போதும் பாஸிவ். சந்தேகத்துக்கு மிகக் குறைவாகவே இடம் தரும் வடிவம் இது.

2. வேலை முடிந்தது, தேதி முக்கியமில்லை: ‘ஹாஸ் பீன் வோவன்’, ‘ஹாஸ் பீன் பேக்ட்’.

3. தேதி சொல்கிறீர்கள்: ‘வாஸ் செண்ட்டு ஆன் ஃபிரைடே’. இங்கே ‘ஹாஸ் பீன்’ போடக் கூடாது. ‘ஹாஸ் பீன் செண்ட்டு எஸ்டர்டே’ என்பது நம் ஊர் அலுவலகக் கடிதங்களில் நிறையப் புழங்கும் தவறு. ‘எஸ்டர்டே’ வந்தால் பர்ஃபெக்ட் வெளியே போக வேண்டும்.

4. பொருள் இப்போது எப்படி இருக்கிறது: ‘இஸ் பேக்ட் அண்ட் ரெடி’. ‘ரெடி’ பெயரடை, அதோடு கைகோத்து நிற்கும் ‘பேக்ட்’டும் பெயரடை.

கடைப் பலகையில் வரும் ஒரு தவறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘ஷாப் இஸ் ஓப்பன்ட்’ வேண்டாம். திறந்திருக்கும் நிலைக்கு ஆங்கிலத்தில் ‘ஓப்பன்’ என்று தனிப் பெயரடை இருக்கிறது. ‘வாஸ் ஓப்பன்ட்’ என்றால் யாரோ வந்து திறந்துவைத்தார்கள், திறப்பு விழா. மூடியிருப்பதற்கு மட்டும் அப்படித் தனிச் சொல் இல்லை. ‘குளோஸ்டு’ இரண்டு வேலையையும் பார்க்கிறது. அதனால் ‘தி ஷாப் வாஸ் குளோஸ்டு’ என்பது மூடிக் கிடந்தது என்றும் படும், மூடினார்கள் என்றும் படும். எது என்று தெரிய ‘பை’யோ வேறு துப்போ சேர்த்தே ஆக வேண்டும்.

கூரியர் புகார் எழுதும் முறை

‘தி பாக்ஸ் வாஸ் டோர்ன்’ என்று மட்டும் எழுதினால் பெட்டி கிழிந்திருந்தது என்றும் கொள்ளலாம், யாரோ கிழித்தார்கள் என்றும் கொள்ளலாம். எதிர்த்தரப்பு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, ‘நீங்களே பிரிக்கும்போது கிழித்திருப்பீர்கள்’ என்று பதில் போடும். இரண்டு அர்த்தத்துக்கும் இடமில்லாமல் எழுதுங்கள்:

1. நிலையைச் சொல்ல ‘ஆல்ரெடி’யும் நேரமும் சேருங்கள்: ‘தி பாக்ஸ் வாஸ் ஆல்ரெடி டோர்ன் வென் இட் ரீச்ட் அஸ் அட் லெவன்.’

2. காரணம் தெரிந்தால் மட்டும் பாஸிவ்: ‘தி சாரி வாஸ் டேமேஜ்டு பை வாட்டர் இன் ட்ரான்ஸிட்.’ தெரியாவிட்டால் ‘பை’ போட்டு யூகிக்காதீர்கள்.

3. பணம் வரும்வரை ‘இஸ் ரீஃபண்டட்’ என்ற சொற்களை நம்பாதீர்கள். ‘ஹாஸ் தி அமவுண்ட் பீன் ரீஃபண்டட்? ஆன் வாட் டேட்?’ என்று பர்ஃபெக்ட்டில் கேட்டுத் தேதியையும் சேர்த்து வாங்குங்கள்.

அப்பாஸ்ட்ரஃபியும் ‘எஸ்’ஸும்

‘இட்’ஸ் சோல்டு’, ‘ஹி’ஸ் சோல்டு டூ சாரீஸ்’. முதலாவதில் சுருங்கியிருப்பது ‘இஸ்’, இரண்டாவதில் ‘ஹாஸ்’. மூன்றாம் வடிவத்துக்குப் பின்னால் செயப்படுபொருள் வந்தால் ‘ஹாஸ்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஷி’ஸ் கான்’ போல இரண்டும் பொருந்தும் இடங்களும் உண்டு. வியாபாரக் கடிதத்தில் சுருக்காமல் முழுதாக எழுதிவிட்டால் தலைவலி இல்லை.

‘இஸ் கான்’, ‘இஸ் ஃபினிஷ்டு’, ‘இஸ் ரிடயர்டு’ எல்லாம் ‘இஸ்’ஸோடு வந்து நிலையைச் சொல்பவை. அவற்றைப் பார்த்து ‘தி யார்ன் இஸ் கம்’ என்று எழுதிவிடாதீர்கள், ‘ஹாஸ் கம்’தான். அதேபோல வேலை முடிந்தது என்று சொல்ல நினைத்து, பின்னால் எதுவும் சேர்க்காமல் ‘ஐ ஆம் ஃபினிஷ்டு’ என்று நிறுத்தினால், ‘என் கதை முடிந்தது’ என்றும் படிப்பார்கள். ‘ஐ ஹாவ் ஃபினிஷ்டு தி வார்ப்’ பாதுகாப்பானது.

ஒரு சொல் இடம் மாறினால்

‘ஐ ஹாவ் டைட் தி யார்ன்’ – நூலுக்குச் சாயம் போட்டது நான்.

‘ஐ ஹாவ் தி யார்ன் டைட்’ – நூலைக் கொடுத்து வேறொருவரிடம் சாயம் போட்டு வாங்குகிறேன்.

சாயப்பட்டறையில் கொடுத்துப் போடுகிறவர்கள் இரண்டாவதைத்தான் எழுத வேண்டும். ‘ஹாவ்’வுக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் இடையில் பெயர் புகுந்தால் அது பர்ஃபெக்ட் இல்லை என்று படி 1-இல் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘இங்’ வடிவத்துக்கு ஒரே ஒரு எச்சரிக்கை போதும். ஆர்வமாக இருக்கிறேன் என்பது ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட்’. ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்’ என்றால் நான் சுவாரசியமான ஆள்.

பாதுகாப்பு: பெயரடை ஒரு வாக்குறுதி

பாஸிவ் வாக்கியத்தில் ‘யார் செய்தது?’ என்ற கேள்வி தானாகவே எழும். அதே சொல்லைப் பெயரடையாக்கிச் சேலைக்கு முன்னால் ஒட்டிவிட்டால் கேள்வி அடங்கிவிடும். விளம்பரம் எழுதுகிறவர்களுக்குப் பெயரடை பிடிப்பதற்கு அதுதான் காரணம். அதே காரணத்தால்தான் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஒரு பெயரடையைப் பதிவில் போடும் முன், அதை ‘வாஸ் … பை …’ என்று பாஸிவாக மாற்றுங்கள். கோடிட்ட இடத்தை உண்மையான விவரத்தால் நிரப்ப முடியாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

‘ஹேண்ட்வோவன்’: யார், எந்தத் தறியில் நெய்தார்? விசைத்தறிச் சேலைக்கு இந்தச் சொல் கூடாது. சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் சட்டம் 1985 முதல் இருக்கிறது. 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் கைத்தறித் துணிக்கு மட்டுமே உரியது.

‘சில்க் மார்க் சர்டிஃபைடு’: யார் சான்று அளித்தது? சில்க் மார்க் என்பது மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த திட்டம். அந்த ஹாலோகிராம் சீட்டு சேலையிலேயே தொங்க வேண்டும். சுத்தப் பட்டு என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்காகச் ‘சர்டிஃபைடு’ போட முடியாது. ‘ப்யூர் சில்க்’ என்று எழுதி நிறுத்துங்கள்.

‘ஜிஐ டேக்ட்’, ‘ஜிஐ ரெஜிஸ்டர்டு’: ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு உண்டு. வேறு ஊரில் நெய்து வாங்கிய சேலைக்கு இந்த அடைமொழியை ஒட்டுவது சட்டச் சிக்கல். பதிவேட்டில் இருக்கும் பெயருக்கும் உங்கள் கையில் இருக்கும் சேலைக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டியவர் நீங்கள்.

‘நேச்சுரலி டைட்’: எதைக் கொண்டு சாயம் போட்டது? பட்டறையில் இரசாயனச் சாயம் என்றால் ‘டைட்’ மட்டும் போதும்.

‘டிகம்ட்’: கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை நீக்கியது. எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதில் போய்விடும். தைரியமாக எழுதலாம்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ‘டெஸ்டட்’. நம் பட்டுக்கடைகளில் ‘டெஸ்டட் ஜரிகை’ என்றால் பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசிய அசல் ஜரிகைக்குக் கீழே, விலை குறைந்த தரம் என்று கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். வினையின் பொருள் செத்துப்போய் வெறும் பெயராகிவிட்ட பெயரடை அது. லண்டனில் இருக்கும் வாடிக்கையாளர் அதைப் படித்தால், ஏதோ ஒரு பரிசோதனைக் கூடத்தில் சோதித்துச் சான்று கொடுத்த உயர்ந்த ஜரிகை என்று நினைப்பார். பார்சல் வந்ததும் உரசிப் பார்த்து, ஏமாற்றிவிட்டீர்கள் என்று எழுதுவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வெளியூருக்கு அனுப்பும் பதிவுகளில் ‘டெஸ்டட்’ என்ற சொல்லே வேண்டாம். ‘நாட் ரியல் சில்வர் ஜரி’ என்று வெளிப்படையாக எழுதி, விலையையும் அதற்கேற்பப் போடுங்கள்.

பயிற்சி

விடையை மறைத்துக்கொண்டு, படிகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள்.

1. ‘தி முந்தானை வாஸ் ஸ்டெயின்ட் பை டர்மெரிக்.’

2. ‘த்ரீ சாரீஸ் ரிமெய்ன் அன்சோல்டு.’

3. ‘தே ஹாவ் நாட் பெய்டு அஸ்.’

4. ‘வி ஹேட் தி பார்டர் ரிப்பேர்டு.’

5. ‘தி பில் இஸ் பெய்டு.’

விடைகள்: முதலாவது பாஸிவ், படி 3. இரண்டாவது பெயரடை, படி 6. மூன்றாவது பர்ஃபெக்ட், படி 1, நடுவில் ‘நாட்’. நான்காவது எதுவும் இல்லை, வேறொருவரைக் கொண்டு சரிசெய்து வாங்கியது. ‘ஹேட்’டுக்கும் ‘ரிப்பேர்டு’க்கும் இடையில் ‘பார்டர்’ நிற்கிறது. ஐந்தாவதில் பணம் கட்டியாகிவிட்ட நிலை தெரிகிறது, ஆகவே பெயரடை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘தி பில் இஸ் பெய்டு எவ்ரி மந்த் பை தி சொசைட்டி’ என்று நீட்டினால் அது பாஸிவ் ஆகிவிடும். அதனால் ரசீது எழுதும்போது ‘ஹாஸ் பீன் பெய்டு இன் ஃபுல்’ என்று எழுதி, பக்கத்தில் தேதியைப் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.